நாற்பத்து மூன்றாம் அளவு

சமையலறைச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள்.
பேருந்துக் கழகம் ரோனிக்குக் கொடுத்தது துரிங்கியாவுடையது.
செருப்புக்கடையில் எனக்குக் கொடுத்தது பவேரியாவுடையது.
வீடு இந்தப் பக்கம், ஸோன்னபெர்க்கில்.
என் கடை அந்தப் பக்கம், நாய்ஷ்டட்டில்,
சைக்கிள் மிதித்தால் இருபது நிமிடம்.
வேலி இருந்த இடத்தில் இப்போது
ஒரு கார் கழுவும் நிலையம், கொஞ்சம் முட்செடி.
வேலியைப் பிடுங்கியவர்கள்
சிவப்பு எழுத்துகளை விட்டுவிட்டார்கள்.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் வருவார்கள்,
எனக்கு மட்டும் விடுமுறையைக் கொண்டு.
ரோனி இருட்டிலேயே எழுந்து
பேருந்துக் கண்ணாடியில் பனியைச் சுரண்டப் போவான்.

செப்டம்பர் இருபது, குழந்தைகள் தினம்.
துரிங்கியாவில் பள்ளி இல்லை.
பவேரியாவிலும் குழந்தைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்,
தினம்தான் இல்லை.
ரொன்யாவைக் கடைக்கு அழைத்துப்போனேன்.
காலிப் பெட்டிகளை அடுக்கி அரண்மனை கட்டினாள்.
"பள்ளிக்கு மட்டமா?" என்று கேட்ட கிழவரிடம்
"இன்று என் நாள், உங்களுடையது எப்போது?" என்றாள்.
அவர் யோசித்துக்கொண்டே
சில்லறையை வாங்காமல் போய்விட்டார்.

அக்டோபர் மூன்று மட்டும்
இரண்டு தாளிலும் சிவப்பு.
நாடு ஒன்றான நாள்.
வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த சண்டைகளை
அன்றைக்குத்தான் போடுகிறோம்.
போன வருடம் நிலவறை அலமாரிக்காக.
அதற்கு முந்திய வருடம் அவன் தம்பிக்காக.
வேறு எந்த நாளில் நேரம் இருக்கிறது?

அக்டோபர் முப்பத்தொன்று.
ஒரு துறவி தேவாலயக் கதவில்
தாளை ஆணியடித்த நாளாம்.
எங்கள் பக்கம் எல்லாக் கடையும் மூடல்,
அதனால் எங்கள் பக்கம் மொத்தமும்
அந்தப் பக்கம் வந்து செருப்பு வாங்கும்.
தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை.
அண்டை வீட்டுக்காரி, பல் மருத்துவர்,
ரொன்யாவின் கணக்கு டீச்சர்
எல்லோருடைய காலுறை ஓட்டையும் எனக்குத் தெரியும்.
மூன்று மணிக்கு வரிசையில் ரோனி,
சவரம் செய்த முகத்தோடு, யாரோ போல.
"நாற்பத்து மூன்று, பழுப்பில் இருக்கிறதா?"
என் கண்ணைப் பார்க்காமல் கேட்டான்.
மண்டியிட்டேன்.
அவன் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி
அளவுப் பலகையில் வைத்தேன்.
பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில்
அவன் பாதத்தை இப்படிப் பார்த்ததில்லை.
பெடல் மிதிக்கும் வலது கட்டைவிரலில் காய்ப்பு.
நான்கு ஜோடி போட்டுப் பார்த்தான்.
கண்ணாடி முன்னால் நடந்தான், திரும்பினான்.
பின்னால் கூட்டம் முணுமுணுத்தது.
ஒன்றும் வாங்காமல்
"நன்றி, அம்மணி" என்று போய்விட்டான்.

அன்று இரவு பன்னிரண்டுக்கு அவன் விடுமுறை தீர்ந்தது,
என்னுடையது தொடங்கியது.
என் பக்கத்து அலாரக் கடிகாரத்தை
அவன் தலைமாட்டுக்கு நகர்த்தினேன்.

நவம்பர் ஒன்று, எல்லாப் புனிதர்களின் நாள்.
அந்தப் பக்கம் நடனமாடக்கூடத் தடை.
இந்தப் பக்கம் சாதாரண வேலைநாள்.
ரொன்யாவைப் பள்ளியில் விட்டுவிட்டு
அவன் பேருந்தில் ஏறினேன்.
பயணச்சீட்டுக் கேட்டான், கொடுத்தேன்.
முதல் இருக்கை. தலைக்கு மேல் பலகை:
ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.
மருத்துவமனை, ரயில் நிலையம், பொம்மைத் தொழிற்சாலை,
மறுபடி மருத்துவமனை.
ஈரக் குடைகள் ஏறின, இறங்கின.
அவன் பிடரியில் முடி வெட்டாத இடம் ஒன்று
மூன்று சுற்றும் என்னோடு வந்தது.

கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்தான்.
அட்டவணைப்படி ஆறு நிமிடம்.
மழை மட்டும் கூரையில்.
சட்டம் இப்போது அனுமதிக்கிறது.
அவன் திரும்பினான்.

"அந்தப் பழுப்பையாவது வாங்கியிருக்கலாம்," என்றேன்.

"இறுக்கமாக இருந்தது," என்றான்.
"அடுத்த வருடம் வந்து பார்க்கிறேன்."